வலக்கோடிக்கு ஒரு கோல்

— ஒன்பதடித் தூண்டில் கோல் ஆத்துக்கு ஆகும் டிம்ப்னா. நான் கேட்கிறது ஏரிக்கு.

— இப்பத்தான் ஏரின்னு வாயைத் திறக்கிறீங்க கொல்மன் வாத்தியாரண்ணே. கடைக்குள்ள காலை வச்சதும் குளம்னீங்க. நானும் குளத்துக்கு ஏத்ததா எடுத்து மேசை பூராப் பரப்பிட்டேன்.

— முதல்ல குளம், அப்புறம் ஏரி. கன்னியர் மடத்துப் பின்னால இருக்கிற குளத்துல கை பழகணும். பழகின கையோட டெரீன் ஏரியில படகு ஏறணும். ரெண்டுக்கும் ஒரே கோல் போதும், தங்கச்சி.

— பூசைக்கும் சாணி அள்ளவும் ஒரே செருப்பு கேக்குற மாதிரி இருக்கு. மடத்துக் குளத்துல வீச மதர் விட்டுட்டாங்களா?

— பாடற்குழுவுக்கு இத்தனை வருஷம் நான் சுருதி சேர்த்ததுக்கு அந்த அம்மா செய்யிற கைம்மாறு. அங்க இருக்கிற டிரவுட் மீனெல்லாம் சின்னது. பிடிச்சா திரும்ப விட்டுடணும்னு மட்டும் நிபந்தனை.

— மடத்து மீனு, அதுவும் துறவறம் பூண்டிருக்கும். சரி, யாருக்கு இதெல்லாம்?

— ஒரு புது ஆளுக்கு.

— ஸ்கூல் பையனா?

— நம்ம வயசு. பொறுமை ஒரு கைப்பிடி, கர்வம் ஒரு மரக்கால். கண்ணு சுமார். அந்தக் கை இதுவரைக்கும் கோல் வீசி அறியாது.

— கடைசியைத் தவிர, மீன் பிடிக்கிறவன் லட்சணமெல்லாம் அப்படியே இருக்கே. வீசத் தெரியாதவருன்னா அந்த நீளக் கோலைக் குடுத்துடலாமே? மெல்லிசுப் பட்டு நூலைக் கட்டித் தூக்கிப் பிடிச்சா காத்தே கொண்டுபோயி தண்ணியில வைக்கும். வீச வேண்டியதே இல்ல.

— வேண்டாம். அவன் வீசணும். பக்கத்துல இருக்கிறவன் வீசுறப்போ தானும் தாளம் தப்பாம கூட வீசணும். அதுதான் அவன் ஆசை.

— அந்த ஆசைக்கு விலை, முள்ளு மாட்டிக் கம்பளிச் சட்டையில எத்தனை கிழிசல்னு பாத்தாத் தெரியும். அப்பப் பத்தடி. படகுல உக்காந்து வீசுறவருக்குக் கோல் நீளமா இருந்தாத்தான் முள்ளுல கட்டின இறகுப் பூச்சியைக் கடைசியில தூக்கி அலை மேல ஆட விடலாம். இந்தா, பிடிச்சுப் பாருங்க. நடுவுல வளையுது பாத்தீங்களா? விறைச்ச கோலு புதுக் கைக்கு ஆகாது. நூலு பின்னால நீண்டுச்சா, எப்ப முன்னால விடணும்னு அது சொல்லாது. இது சொல்லும்.

— பக்கத்துல தேர்ந்த குரல் நின்னா, கத்துக்காத குரலும் சுருதி பிடிச்சுக்கும். அந்த மாதிரி.

— பிரசங்கம் ஞாயித்துக்கிழமைக்கு வைங்க. அது என்ன, கோலை விளக்குமாறு பிடிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க? உங்க கைதானே அது?

— புது ஆள் எப்படிப் பிடிப்பான்னு பார்க்கிறேன்.

— நல்லாத்தான் நடிக்கிறீங்க. நூலு மிதக்குறதா எடுக்குறேன். இன்னும் கொஞ்ச நாள்ல முள்வேலி பூத்துடும், மே மாசத்து ஈசல் கிளம்பிடும். ஈசல் மேல வந்தா மீனும் மேல வரும். முழுகுற நூலு குளிர் மாசத்துக்குத்தான். புது ஆளு அதைப் போட்டு இழுத்தாருன்னா, ஏரிக்கு அடியில இருக்கிற தக்கையை எடுத்து ஊருக்கே வெள்ளம் விட்ட மாதிரிப் பாடுபடுவாரு.

— கனம்?

— ஆறாம் நம்பர். குளத்துக்குக் கொஞ்சம் தூக்கல், ஏரிக் காத்துக்குக் கொஞ்சம் மட்டு. ரெண்டு பேருக்கும் நடுவுல சமாதானம் பண்ணி வைக்கும்.

— முனைநூல்ல எத்தனை பூச்சி கட்டணும்? உன் வீட்டுக்காரன் மலக்கி மூணு கட்டுவான்.

— அவரு கட்டுவாரு. அவரு வீசினா மூணும் ஒண்ணு பின்னால ஒண்ணா, கோயில்ல திவ்விய நன்மை வாங்க வரிசையாப் போற புள்ளைங்க மாதிரி இறங்கும். உங்க ஆளுக்கு ஒண்ணு போதும். மூணு கட்டினா முதல் வீச்சுலயே சடை பின்னிக்கும். அவுக்கிறதுக்குள்ள மீனு பேரப்புள்ள எடுத்துடும்.

— ஒண்ணு போதும். ஒண்ணையே ஒழுங்கா இறக்கினா அது பெரும் பேறு.

— கைவலை வேணுமா?

— படகுல இருக்கிறதே போதும்.

— அடுத்து நூல் சுத்துற ரீலு. எந்தக் கை?

— என்ன?

— கோலு எந்தக் கையிலன்னு கேக்குறேன். அதை வச்சுத்தானே ரீலோட பிடியை மாட்டணும். வலது கையில கோல்னா சுத்துற பிடி இடப்பக்கம். உங்களை மாதிரி நொட்டாங்கைன்னா எதிர்ப்பக்கம்.

— வலது.

— வலதா?

— வலதுதான். போன ஞாயிறு பூசையில கேட்டோமே, ராத்திரி முழுக்க மீன் ஒண்ணும் அகப்படாம வந்த சீடருங்களுக்கு எந்தப் பக்கம் போடச் சொல்லி ஆண்டவர் உத்தரவு வந்துச்சு, வலப்பக்கம்தானே?

— அது வலை. எனக்குச் சிரிப்பு வரல அண்ணே. அந்தக் கோலைக் கீழ வைங்க.

— ஏன், என்னாச்சு?

— நம்ம வயசு. பொறுமை ஒரு கைப்பிடி. வலது கை. நான் என்ன மடச்சியா? மலக்கிக்குத்தானே வாங்குறீங்க?

— மலக்கிக்கு இல்லை.

— பிப்ரவரியில மெழுகுதிரித் திருநாளன்னிக்குக் காலையில வாதம் அடிச்சுக் கஞ்சிக் கரண்டியைக் கீழ விட்டுச்சே, அந்த வலது கை இன்னும் இடுப்புக்கு மேல எழும்பல. ரெண்டு விரலு மட்டும் எதையாவது கிள்ளிப் பிடிக்குது. அதுல போயி புதுக் கோலைத் திணிச்சு, குளத்தங்கரையில நிறுத்தி, கன்னியரெல்லாம் ஜன்னல்ல வேடிக்கை பாக்க, பழகுடா பழகுடான்னு சொல்லப் போறீங்களா? ஏற்கெனவே ஏரியைப் பாத்த ஜன்னலுக்குத் திரை போட்டு வச்சிருக்காரு. இந்த ஈசலுக்கு அவரு தண்ணி மேல உக்காரலைன்னா அந்த நாற்காலியிலேயே வேர் விட்டுடுவாருன்னு நானே பயந்து செத்துக்கிட்டு இருக்கேன். ஆகாத கையில ஆசையை வைக்காதீங்க. அதுக்கு என் கடையில சரக்கு கிடையாது.

— தங்கச்சி, நான் பொய் சொல்லி நீ கேட்டிருக்கியா?

— இல்ல.

— அப்ப இதையும் நம்பு. இந்தக் கோல் மலக்கிக்கு இல்லை.

— ஏரிக்குத்தானே கேட்டீங்க?

— ஆமாம்.

— எந்தப் படகுல?

— எங்க படகுலதான்.

— நம்ம வயசு ஆளு. வலது கைக்காரரு. உங்க படகுல.

— ஆமாம்.

— சரி. விளங்கிடுச்சுங்க ஐயா. படகோட வலக்கோடிக்கு, அவரு உக்காந்த இடத்துக்கு ஆள் பிடிச்சுட்டீங்க.

— டிம்ப்னா, கொஞ்சம் கேளு.

— நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். இருங்க, இந்தப் பிடியை மாத்துறேன், கையில வேலை இருந்தா நல்லா இருக்கும்.

— ஐயான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்ட.

— வாய் தவறிடுச்சு. நியாயம்தானே அண்ணே. படகு காத்துல குறுக்கால மிதந்து போகுது. ரெண்டு பேரும் காத்துப் போற பக்கமே பாத்து, ஆளுக்கு ஒரு கோடியில உக்காரணும். உங்க நொட்டாங்கை இடக்கோடிக்கு மட்டுந்தான் பொருந்தும். வலக்கோடிக்கு வலது கைக்காரன் வேணும். அப்பத்தான் கோல் ரெண்டும் வெளிப்பக்கமாப் போகும். ரெண்டு பேருக்கும் ஒரே கைன்னா ஒருத்தன் கோல் நடுவுல வந்து, கிடா கொம்பு மாட்டிக்கிட்ட கதைதான். போன வருசம் அவரு சளியில படுத்திருந்தப்ப, டப்ளின்லேருந்து வந்த அந்த நொட்டாங்கை டாக்டரை ஏத்திக்கிட்டுப் போயி காதுல முள்ளோட வந்தீங்களே.

— பல் டாக்டர். பல்லைப் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப் போயி காதைப் பிடுங்கப் பார்த்தான். தழும்பு இன்னும் இருக்கு.

— அந்த முள்ளை எடுத்தது யாரு?

— மலக்கி. காய்ச்சலோட எழுந்து வந்து எடுத்தான். எடுத்துட்டு, இவ்வளவு பெரிய மீனை விட்டுட மனசு வரலைன்னான்.

— சிரிக்க வைக்காதீங்க. இந்த ரீலு பிடி இறுகிக்கிடக்கு. கொஞ்சம் எண்ணெய் எடுங்க, உங்க முழங்கைப் பக்கம். ம். நான் கோவப்படல அண்ணே. கோவப்படுற உரிமை எனக்கு இருக்கா? ரோட்டுல வெள்ளம் நின்னப்ப அவரை டிராக்டர்ல உக்கார வச்சுக் கால்வே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நீங்க. சனிக்கிழமை தவறாம வந்து அவரு முகத்தைச் சவரம் பண்ணி விடுறது நீங்க. என்னைக் கத்திப் பக்கம் விடமாட்டாரு அவரு, பொண்டாட்டி கையில கத்தி கூடாதாம்.

— அதுல ஒரு தொலைநோக்கு இருக்கத்தான் செய்யுது.

— அதனால சொல்றேன், ஈசல் காலத்துல படகு சும்மா கிடக்கக் கூடாது. வலக்கோடி காலியாக் கிடந்தா படகுக்கும் அழகில்ல. உங்க ஆளு வரட்டும். அந்தக் கோல் வேணாம், அதை இங்க குடுங்க. உள்ள ஒண்ணு இருக்கு, எனக்குன்னு எடுத்து வச்சது. அடிப்பிடி தேஞ்ச கார்க்கு, கைக்கு மெத்துன்னு இருக்கும். அதை எடுத்துக்கட்டும். அப்புறம் இதையும்.

— இது மலக்கியோட பூச்சிப் பெட்டி.

— போன இலையுதிர் காலத்துல அடுப்பு பக்கம் உக்காந்து கட்டினது. இந்த மே மாசத்துக்குன்னே. பாருங்க, றெக்கைக்கு வாத்து இறகு, உடம்புக்கு நார். அசல் ஈசலே இதைப் பாத்து வெக்கப்படும். பெட்டியில கிடந்தா அந்து அரிச்சுடும். எந்தக் கோல்ல இருந்தா என்ன, அவரு கட்டின பூச்சி இந்த ஈசலுக்குத் தண்ணியில இறங்கணும்.

— இதை நீ முகம் தெரியாத ஒருத்தனுக்குக் குடுக்கிறியா?

— உங்க பக்கத்துல உக்காரப் போறவன் எனக்கு அந்நியனா?

— மூடி வை, தங்கச்சி. என்னால பார்க்க முடியலை. என்னை அந்தப் படகுல ஏத்தினது யாருன்னு தெரியுமா உனக்கு?

— தெரியாம என்ன, கேட்டுக் கேட்டு என் காதே தேஞ்சு போச்சு. சொல்லுங்க, இன்னும் கொஞ்சம் தேயட்டும். கெட்டில்ல தண்ணி கொதிக்குது, டீ ஊத்துறேன்.

— பள்ளிக்கூடத்துல என் இடது கையை பெஞ்சோட சேர்த்துக் கட்டினாங்க. அடிக்கு ஒரு எழுத்துன்னு வலது கையால எழுதப் பழகினேன். பேனா மட்டும்தான் கை மாறிச்சு, மத்ததெல்லாம் இடதுலயே நின்னுடுச்சு. ஏரிக்கரையில அதைவிட மோசம். நொட்டாங்கையன் ஏறின படகுல மீன் ஏறாதுன்னு பேச்சு. பெஞ்சுக்கட்டு ஒரு வருஷத்துல அவிழ்ந்துடுச்சு. இந்தக் கட்டு அவிழலை. கரையில தனியா நின்னு வீசுவேன், மத்தவங்க தீவு பக்கம் மிதந்து போறதைப் பார்த்துக்கிட்டு.

— சக்கரை ரெண்டு கரண்டி. ம், சொல்லுங்க.

— ஒரு நாள் மலக்கி படகைத் திருப்பி என் முன்னால கொண்டு வந்து நிறுத்தினான். அடேய், நான் வலது, நீ இடது, ரெண்டு பேரும் உக்காந்தா படகுக்கு ரெண்டு றெக்கை, இத்தனை நாளா ஒத்தை றெக்கையில சுத்திக்கிட்டு இருக்கேன், ஏறுன்னான். இரக்கப்பட்டுக் கூப்பிட்டிருந்தா நான் ஏறியிருக்க மாட்டேன். வேணும்னு கூப்பிட்டான். ஊர் இழிவுன்னு சொன்ன கையை வேணும்னு கேட்டவன் அவன் ஒருத்தன்தான். நான் பாடுற துதியில ஒரு பங்கு அவனுக்குப் போகுது. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்னு நினைக்கிறேன்.

— அவரும் மீன் பிடிக்கிறவங்களைத்தானே கூட வச்சிருந்தாரு. இந்தாங்க, ரொட்டியில வெண்ணெய் தடவியிருக்கேன். அண்ணே, அழுறீங்களா?

— டீ சூடு. மலக்கி எங்க இப்ப?

— கொல்லையில. கோழிக்குத் தீனி போடுறாரு.

— கோழி நூலை விழுங்கிடப் போகுது, சொல்லி வை.

— எந்த நூலை?

— செவ்வாய்க்கிழமை உங்க வேலிக்கு மேல தலையை நீட்டினேன். முனையில ஆட்டு ரோமம் ஒரு துணுக்கு கட்டிப் புல்லு மேல வீசிட்டு இருந்தான். இடது கையால.

— பாத்துட்டீங்களா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு.

— நீ காப்பாத்திட்ட, வேலிதான் வாக்குத் தவறிடுச்சு. அந்த ரெண்டு விரலால நூலைக் கிள்ளி இழுத்துக்கிட்டு, இடது கையால வீசுறான். அவ்வளவு அழகு.

— ஆரம்பத்துல பாத்திருக்கணும் நீங்க. கழுதை உதைக்கிற மாதிரி இருந்துச்சு. என் துணிக்கொடியில ஒரு துணி மிஞ்சல. இப்ப வாளியைத் தூரத்துல வச்சு அதுக்குள்ள இறக்குறாரு. காலும் நல்லா இருக்கு, படகு ஏறலாம்னு டாக்டரும் சொல்லிட்டாங்க.

— அப்புறம் ஏன் வரமாட்டேங்கிறான்? ஒவ்வொரு சனிக்கிழமையும் கூப்பிடுறேன். குளிருதுங்கிறான், முதுகு பிடிச்சிருக்குங்கிறான்.

— வாத்தியாருக்கு இதுகூடப் புரியலையா? இப்ப அவரும் நொட்டாங்கை. இடக்கோடி உங்களோடது. ரெண்டு நொட்டாங்கை ஒரு படகுல ஏற முடியாதுன்னு உங்க காதுதான் சாட்சி. நான் கேட்டா கொல்மன் எந்திரிச்சு இடத்தைக் குடுத்துட்டுத் துடுப்பைப் பிடிச்சு உக்காந்துடுவான் அவன், எனக்குத் தெரியும்ங்கிறாரு. இந்த ஏரியில கொல்மனுக்குக் கிடைச்சது அந்த ஒரு பலகை, அவனைத் துடுப்புக்குத் தள்ளிட்டு நான் மீன் பிடிக்கணுமா, அதுக்குக் கோழியோடயே இருந்துக்கிறேன்ங்கிறாரு. அதான் விசயம். சொல்லிட்டேன். சத்தியம் போச்சு, பாவசங்கீர்த்தனத்துக்கு ஒண்ணு சேந்துச்சு.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். கேட்டா மாட்டேன்பான். அதனால கேட்கப் போறதில்லை.

— ஆமா, இனிமே கேட்டுத்தான் என்ன, ஆளே பாத்தாச்சே. இந்தாங்க, ரீலு பிடி மாத்தியாச்சு. சுத்திப் பாருங்க.

— முடிச்செல்லாம் இறுக்கமா?

— நான் போட்ட முடிச்சை என் புருசனே அவுக்க முடியாது. பையில பேரு எழுதணும், படகுத்துறையில ஆளாளுக்குக் கோலை மாத்தித் தூக்கிட்டுப் போறாங்க. என்ன பேரு?

— பெட்டியையும் கூட வை. மூடி வைன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

— வச்சாச்சு. நல்ல ஆளுதானே அண்ணே? அவரு உக்காந்த பலகை அது.

— நல்லவனான்னு என்னால சொல்ல முடியாது. நன்றி உள்ளவன்.

— அது போதும் எனக்கு. பேரு?

— பேனாவைக் குடு, நானே எழுதுறேன்.

— மெதுவா, மை இழுக்கும். கொ. ல். ம. இருங்க, இருங்க. உங்க பேரை ஏன் எழுதுறீங்க?

— அடிக்குப் பயந்து பேனா பிடிச்ச வலது கை, தங்கச்சி, ஈசல் கிளம்புறதுக்குள்ள கோலும் பிடிச்சுக்கும். நீ கொல்லைக்குப் போய் மலக்கிகிட்ட சொல்லு, வலக்கோடியில நான் உக்காந்துட்டேன், இடக்கோடிக்கு ஒரு நொட்டாங்கையன் வேணும்னு.